ஈ மொய்க்காத வாடி

கிண்ணியா
03.06.2025

அன்புத் தங்கச்சி நிப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் என்னை புளொக் பண்ணி வைத்திருக்கிறாய். உம்மாவிடம் சொல்லிவிட்டால், "உங்கட சண்டைக்குள்ள என்ன இழுக்காதீங்க" என்கிறா. அதனால் பள்ளிக்கூடம் விட்டு இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு பேனை பிடித்திருக்கிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும்.

லொறிக்கார அப்துல் மஜீத் இறக்கித் தரும் பெட்டியில் இருப்பது மொனிட்டர். முப்பத்திரண்டு இஞ்ச். கொழும்பில் இருந்து எடுப்பித்தேன். உன் லெப்டொப்பை இதோடு பொருத்திவிட்டால் படம் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்று கடைக்காரப் பொடியன் சொன்னான்.

சித்திரையில் நடந்ததற்கு இதை என் மன்னிப்பாக வைத்துக்கொள். என்னுடைய ஒரு லொட் கட்டாக் கருவாட்டைப் பூஞ்சணம் என்று எழுதித் திருப்பிவிட்டாய். நான் பதறியடித்து ஓடி வந்து பார்த்தால், அது பக்கத்தில் காயப்போட்ட மீன்வலையின் நிழல். ஸுஹைருக்கு முன்னால் "கண் அவிஞ்சு போச்சா உனக்கு" என்று நான் கேட்டது பிழைதான். ஒருத்தியை அவளுடைய மாப்பிள்ளைக்கு முன்னால் ஏசலாமா என்று உன் மதினியும் என்னை ஏசித் தீர்த்துவிட்டாள். பிறகு யோசித்துப் பார்த்தேன். பிழை உன் கண்ணில் இல்லை, அந்தக் குட்டித் திரையில்.

இந்தக் கரையில் மீன் காயப்போடும் ஐந்து வாடிகளில் இருந்து லண்டன் கொம்பனி கருவாடு எடுக்கிறது. ஐந்து வாடியிலும் கம்பத்தில் பூட்டியிருக்கும் கெமரா எடுக்கிற படங்களை வீட்டில் இருந்து பார்த்து, நல்லது கெட்டது சொல்லும் வேலையை இரண்டு வருடத்துக்கு முன் உனக்கு எடுத்துத் தந்தது நான். நீ என் தங்கச்சி என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. எனக்கு பாஸ் போடு என்று ஒருநாளும் உன்னிடம் கேட்டதில்லை, கேட்கப் போவதும் இல்லை. நீ வடிவாகப் பார், அது போதும்.

ஜூலை பத்தாம் திகதி லண்டனுக்குக் கொண்டெய்னர் ஏறுகிறது. அது போய்ச் சேர்ந்தால் றிஷானாவின் வீட்டுக்குக் கூரை போடலாம். பஹ்மி வீட்டார் ஓகஸ்ட்டில் நிக்காஹ் என்று நிற்கிறார்கள். கூரையில்லாத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? உனக்கு வீடு கட்டி முடித்துத்தான் நான் கலியாணம் முடித்தேன். கடைசித் தங்கச்சிக்கும் கட்டிக் கொடுத்துவிட்டால் வாப்பா என் தலையில் வைத்துவிட்டுப் போனது இறங்கிவிடும்.

பெட்டிக்குள் வழமைபோல நெத்தலிப் பொதி ஒன்றும் வைத்திருக்கிறேன். பெருநாளைக்கு வா.

காக்கா பாஹிம்


திருகோணமலை
10.06.2025

காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பெருநாளைக்கு வராததற்குக் கோபம் காரணமில்லை. ஐந்தாறு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் உங்கள் மொனிட்டர்.

இதை வைக்க எங்கள் வீட்டில் இடம் ஒன்றுதான் இருந்தது, சாப்பாட்டு மேசை. பாதி மேசையை அது பிடித்துக்கொண்டது. பின்னால் இருந்த ஜன்னலையும் மறைத்துவிட்டது. அந்த ஜன்னலுக்குள்ளால்தான் பின்வளவில் நிற்கும் றிஷானாவின் கூரையில்லாத சுவர் தெரியும். காலையில் வேலைக்கு உட்கார்ந்தால் அந்தச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன், இப்போது அது மிச்சம். தலையிடி போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நெற்றியில் விழுந்த கோடுகூடக் குறைந்திருக்கிறது என்று ஸுஹைர் சொல்கிறார். நன்மை இவ்வளவுதான்.

மற்றதெல்லாம் சீ என்று இருக்கிறது காக்கா. லெப்டொப்பில் கருவாடு என்றால் எனக்கு ஒரு நிறம். மஞ்சளாக இருந்தால் சரி, கறுத்திருந்தால் பிழை, அடுத்த படம். இப்போது ஒவ்வொரு மீனுக்கும் கண் இருக்கிறது. கீறின வயிற்றுக்குள் சரியாகக் கழுவாத குடல் துண்டு தெரிகிறது. நிலாவெளிப் பக்கத்து வாடி ஒன்றின் படத்தில், செவுளுக்குள் இருந்து புழு எட்டிப் பார்த்தது. புழுவின் முகத்தில் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கும் என்று இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன பிரயோசனம்? அன்றைக்கு முழுக்க என் சோற்றில் எல்லாம் கறுப்புப் புள்ளி தேடினேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டுப் பசியோடு வரும் மனுசனுக்கு இடியப்பத்தை அந்த மேசையில் வைத்தேன். இடியப்பத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்ப இடியப்பத்தைப் பார்த்தார். "இதையா நீ இரண்டு வருசமா வீட்டில இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறாய்?" என்று கேட்டார். நான் ஏதோ டைப் அடிக்கிறேன் என்று நினைத்திருந்தாராம். கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் நிலத்தில் இருந்து சாப்பிட்டார். இப்போது எல்லோரும் குசினி நிலத்தில்தான். சீனி கடன் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்கூட எட்டிப் பார்த்துவிட்டுச் சீனி வாங்காமலே போய்விட்டாள்.

உம்மா மட்டும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நாடகம் பார்ப்பது போல என் பக்கத்தில் இருக்கிறா. உங்கள் வாடி வரும்போதெல்லாம் "என்ட மகன்ட வாடி" என்கிறா. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போதுதான் மூச்சு வருகிறது. மற்ற நாலு வாடியையும் பார்த்துவிட்டு உங்களுடையதைத் திறந்தால் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது.

புளொக்கை இப்போதைக்கு எடுக்க மாட்டேன். கடிதத்தில் நீங்கள் நல்ல மனுசனாக இருக்கிறீர்கள், அப்படியே இருங்கள்.

நிப்லா


கிண்ணியா
14.06.2025

தங்கச்சி,

உன் கடிதத்தை உன் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். இடியப்பக் கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது அவளுக்கு. மற்றவனுடைய அழுக்கை நீ இப்போதாவது கண்டாயே, அல்ஹம்துலில்லாஹ். நான் வாயால் சொன்னால் பெருமை அடிக்கிறேன் என்பீர்கள். இப்போது முப்பத்திரண்டு இஞ்ச் சொல்கிறது.

சல்லி இராசநாயகத்தை ஞாபகம் இருக்கிறதா? போன வருடம் அவருடைய லொட்டை எல்லாம் ஈ, ஈ என்று நீ திருப்பித் திருப்பி விட்டாயே, அவர்தான். மாசியில் வாடியை இழுத்து மூடிவிட்டு, இப்போது என்னிடம் கூலிக்கு நிற்கிறார். ஒவ்வொரு நாளும் சல்லியில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார். நல்ல மனுசன், வாய் திறந்து நாலு சொல் கதைக்க மாட்டார். பின்னேரம் போகும்போது ஒரு கைப்பிடி கருவாடு கொடுத்துவிடுவேன். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு போவார். வாடி வைத்து நடத்தின மனுசன் கை நீட்டுவதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். என்ன செய்வது, அல்லாஹ் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்றை எழுதியிருக்கிறான்.

கொண்டெய்னருக்கான லொட்டின் படங்கள் இந்தக் கிழமையில் இருந்து வரும். வடிவாகப் பார்.

காக்கா


திருகோணமலை
20.06.2025

காக்கா,

சலாம் எழுதவும் கை வரவில்லை. நேரே விசயத்துக்கு வருகிறேன்.

நேற்று அஸர் தொழுதுவிட்டு உம்மா வந்து வழமைபோலப் பக்கத்தில் இருந்தா. உங்கள் வாடி திரை முழுக்க இருந்தது. உம்மா சொன்னா, "பாரு புள்ள, ஒரு ஈ கூட இல்ல. உங்கட வாப்பா முப்பது வருசம் கருவாடு போட்டாரு, ஈ ஓட்டியே என்ட கை ஓஞ்சு போச்சு. என்ட மகன் எப்படி வச்சிருக்கான் பாரு." சொல்லிவிட்டு மாஷா அல்லாஹ் என்றா.

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஈ ஏன் இல்லை?

மற்ற நாலு வாடியின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். இந்தத் திரையில் நாலையும் ஒன்றாக வைக்கலாம், கடைக்காரப் பொடியன் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் ஈ இருந்தது. வலை போட்டவன் வாடியிலும் வலைக்கு வெளியே இருந்தது. உங்களுடையதில் மட்டும் ஒன்றுமில்லை. உங்கள் வாடியின் பழைய படங்களையும் எடுத்தேன். இரண்டு வருடத்தில் ஒரு ஈ கிடையாது.

பிறகு தட்டியின் ஓரங்களைப் பார்த்தேன். மீன் காயும் தட்டிக்குக் கீழே, பாயின் மடிப்பில், கால்களைச் சுற்றி, கறுப்பாகக் கிடக்கும். லெப்டொப்பில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கறுப்பு மணல் என்று நினைத்திருந்தேன். நம்முடைய கரையில் கறுப்பு மணல் புதினமா? பெரிதாக்கினேன். மணலுக்கு இறக்கை இருந்தது. எல்லாம் செத்த ஈ காக்கா. கூட்டி ஒதுக்கி, ஒதுக்கினது போக மிஞ்சினதே அவ்வளவு. கருவாட்டுக்கு மேலேயும் இரண்டு கிடந்தது, காலை மேலே தூக்கிக்கொண்டு.

பதினெட்டாம் திகதி பின்னேரப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு ஆளின் பாதி உடம்பு விழுந்திருக்கிறது. முதுகில் வயலுக்கு மருந்து அடிக்கிற டாங்கி. மூக்கைத் துவாயால் கட்டியிருக்கிறார். நெற்றியில் திருநீறு. உங்கள் வாடியில் திருநீறு பூசுகிற ஆள் எத்தனை பேர்?

ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். பெருநாளைக்கு முன் நீங்கள் அனுப்பின நெத்தலியைத்தான் மூன்று நாளாகச் சாப்பிட்டிருக்கிறோம். உம்மாவும் சாப்பிட்டா. வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்து நாக்கு புண்ணாகிப் போச்சு.

இது வேறு ஏதாவது என்றால் உடனே எழுதுங்கள். நான்தான் பிழையாகப் பார்த்தேன், அதுவும் நிழல்தான் என்று எழுதுங்கள். கண் அவிந்தவள் என்று இன்னொரு தடவை ஏசினாலும் சந்தோசப்படுவேன்.

நிப்லா


கிண்ணியா
22.06.2025

நிப்லா,

முதலில் ஒன்று. இதைப் போனிலும் கதைக்காதே, கொம்பனிப் பக்கத்திலும் எழுதாதே. எழுதுவது என்றால் கடதாசியில் எழுதி மஜீதிடம் கொடு. உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் நீ போடு.

இரண்டாவது, நீ சாப்பிட்டதற்குப் பயப்படாதே. சத்தியமாகச் சொல்கிறேன், உன் வீட்டுக்கு வந்தது ஒருநாளும் அந்தத் தட்டியில் இருந்து வந்ததில்லை. கெமராவுக்குப் பின்னால், கிணற்றடிப் பக்கம், வலை போட்டுத் தனியாக ஒரு சின்னத் தட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒரு சொட்டு மருந்தும் படாது. உனக்கும் உம்மாவுக்கும் என் வீட்டுக்கும் அதில் இருந்துதான். பஹ்மி வீட்டுக்கு நோன்புக்கு அனுப்பினதும், பள்ளிவாசல் தலைவருக்குக் கொடுப்பதும், உன் மதினியைப் பார்க்கிற டொக்டருக்குக் கொடுப்பதும் அதில் இருந்துதான். என்னைப் பற்றி நீ இவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டாயே என்பதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. என் தங்கச்சிக்கு நான் நஞ்சு தருவேனா?

மூன்றாவது, நான் மட்டும் செய்கிறேன் என்று நினைக்காதே. காற்று விழுந்துவிட்டால் ஒரு பகலில் ஈ முட்டை வைத்துவிடும். ஆயிரம் கிலோ மீனுக்கு எத்தனை பேரை ஈ ஓட்ட வைப்பது? மருந்து வெயிலில் பறந்துவிடும். சாப்பிடுகிறவன் கழுவி, பொரித்துத்தானே சாப்பிடுகிறான். இரண்டு வருடமாக லண்டனில் யாராவது செத்தான் என்று கேள்விப்பட்டாயா?

கொண்டெய்னர் லொட்டுக்கு பாஸ் போடு. முதல் தடவையாகக் கேட்கிறேன். இதற்குப் பிறகு நிறுத்திவிடுகிறேன், வாப்பாவின் மேல் ஆணை.

காக்கா


திருகோணமலை
27.06.2025

காக்கா,

உங்கள் கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. போட மாட்டேன்.

நீங்கள் அந்தச் சின்னத் தட்டியைப் பற்றி எழுதியிருக்காவிட்டால் ஒருவேளை நான் அழுதுவிட்டு இருந்திருப்பேன். தெரியாமல் செய்கிறார், வயலுக்கு அடிப்பதுபோல நினைத்து அடித்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லியிருப்பேன். நீங்கள் அதற்கும் இடம் வைக்கவில்லை. தனியாக வலை கட்டி, தனியாகக் காயப்போட்டு, யாருக்கு நல்லது யாருக்கு நஞ்சு என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிரிவில் என்னை நல்ல பக்கம் போட்டதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். புழுவைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை.

மிச்சம் இருந்த நெத்தலியைப் பின்வளவில் எறிந்தேன். பிறகு பூனை தின்றுவிடுமே என்று ஓடிப்போய்ப் பொறுக்கினேன். அது நல்ல கருவாடு, பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்ல கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அருவருத்து நின்றேன்.

என் மேலும் எனக்கு அருவருப்புத்தான். இரண்டு வருடமாக உங்களுக்கு பாஸ் போட்டது நான். இராசநாயகத்தின் வாடியை மூட வைத்தது நான். போன வருடம் நான் திருப்பின அவருடைய பதினொரு லொட்டின் படங்களையும் இந்தத் திரையில் இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலை இருக்கிறது, மீன் சுத்தமாகக் கழுவப்பட்டிருக்கிறது, குடல் இல்லை, புழு இல்லை. ஒரு படத்தில் அவருடைய மனுசி யோகம்மா கையில் வேப்பங்கொத்தோடு ஈ ஓட்டிக்கொண்டு நிற்கிறா. வலையில் இருந்த நாலைந்து ஈயைக் கண்டு நான் அவருடைய பிழைப்பையே திருப்பிவிட்டேன். அந்த ஈ உயிரோடு இருந்ததே, அதுதான் அவருடைய கருவாட்டுக்குச் சாட்சி. அது என் மண்டையில் ஏறவில்லை. ஈயே இல்லாத உங்கள் தட்டியைப் பார்த்து அழகு என்று எழுதினேன். இப்போது அவருடைய முதுகில்தான் உங்கள் டாங்கி.

பின்னேரம் அவருக்கு ஒரு கைப்பிடி கொடுத்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதின ஆட்களின் பெயர்களை நான் நாலு தடவை வாசித்தேன். டொக்டர் இருக்கிறார். பள்ளிவாசல் தலைவர் இருக்கிறார். இராசநாயகம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கைப்பிடி எந்தத் தட்டியில் இருந்து?

நிப்லா


கிண்ணியா
01.07.2025

அன்புத் தங்கச்சி,

மூன்று நாள் உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ படித்தவள், எழுதத் தெரிந்தவள். எனக்கு அப்படி எழுத வராது. வாப்பா மவுத்தானபோது எனக்குப் பதினெட்டு வயது, உனக்குப் பத்து, றிஷானா கைக்குழந்தை. அன்றைக்கு மையித்தை அடக்கம் பண்ணத் தூக்க முன்னமே சாச்சா என் காதுக்குள் சொன்னது என்ன தெரியுமா? "ரெண்டு குமர்ப்புள்ள இருக்கு தம்பி, ரெண்டு வீடு கட்டணும்." அழுவதற்குக்கூட எனக்கு நேரம் தரவில்லை. அன்றையில் இருந்து மீனுக்குள்தான் நிற்கிறேன். என் பிள்ளைகளே என்னைக் கட்டிப் பிடித்தால் மூக்கைச் சுளிக்கும். நீ இருந்து சாப்பிடும் ஹோல், நீ மொனிட்டர் வைத்திருக்கும் மேசை, நீ சத்தி எடுத்த கக்கூசு, எல்லாம் இந்த மீனில் வந்ததுதான். அப்போது உனக்கு அருவருக்கவில்லையே.

பஹ்மியின் உம்மா உங்கள் பின்வளவுச் சுவரைப் பார்த்துவிட்டு நேற்று என்னிடம் வந்தா. "ஓகஸ்ட்டுக்கு முடிச்சிருவீங்கதானே" என்று கேட்டா. நான் ஓம் என்று சொன்னேன். றிஷானாவுக்கு இருபத்தேழு முடிகிறது. இது குழம்பினால் அடுத்தது எப்போது என்று நீ சொல்லு. உன் கையால் தங்கச்சியின் வாழ்க்கையில் மண் போடாதே.

நிறுத்துகிறேன் என்று சொன்னேன், நிறுத்துகிறேன். டாங்கியை விற்றுவிடுகிறேன். வலை வாங்குகிறேன். அடுத்த போகத்துக்கு நீ சொல்கிற மாதிரியே செய்கிறேன். இந்த ஒரு லொட் மட்டும். எட்டாம் திகதிக்குள் நீ பாஸ் போட வேண்டும்.

உன் காலில் விழுகிற மாதிரி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்.

காக்கா


திருகோணமலை
05.07.2025

காக்கா,

ஹோல், மேசை, கக்கூசு எல்லாம் எழுதினீர்கள். உண்மைதான், என் வீட்டில் உங்கள் உழைப்பு இல்லாத ஒரு கல்லும் இல்லை. வாசித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். பாஸ் போட்டுவிடலாம் என்றுகூட உட்கார்ந்தேன், பொய் சொல்லவில்லை. கை அந்தப் பொத்தானில் இருந்தது. கடைசியாக ஒரு தடவை உங்கள் கடிதத்தை முழுக்க வாசித்தேன். பஹ்மியின் உம்மா இருந்தா, சாச்சா இருந்தார், டாங்கியை விற்பதுகூட இருந்தது. நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை.

கையை எடுத்துவிட்டேன்.

நேற்றுக் காலையில் கொம்பனிக்கு எழுதி அனுப்பினேன். படங்களை வைத்தேன். நான் உங்கள் தங்கச்சி என்று எழுதினேன். இரண்டு வருடமாக நான் பாஸ் போட்ட உங்கள் லொட் எல்லாவற்றையும், கடையில் இருப்பதையும் சேர்த்து, எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னேன். சல்லி இராசநாயகத்தின் பதினொரு லொட்டையும் நான் பிழையாகத் திருப்பினேன் என்று அவருடைய பெயரைப் போட்டு எழுதினேன். பின்னேரமே பதில் வந்தது. வேலையில் இருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான்.

றிஷானாவிடம் நானே சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. "நீங்க நல்லவங்களா இருக்கிறதுக்கு என்ட கூரையா கிடைச்சது ராத்தா" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு என்னோடு கதைக்கிறாளில்லை. குசினியில் நான் நின்றால் வெளியே போகிறாள். உம்மா இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்து அழுகிறா. உங்கள் வாடியைக் காட்டச் சொல்லி இப்போது கேட்பதில்லை.

மொனிட்டரைப் பெட்டியில் போட்டு மஜீதிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே பென் டிரைவ் ஒன்று இருக்கிறது, உங்கள் வாடிப் படங்கள். உங்கள் ஹோலில் வைத்து ஒரு தடவை பாருங்கள். நீங்கள் இவ்வளவு நாளும் அதைப் போனில்தானே பார்த்திருப்பீர்கள்.

அதைத் தூக்கியதும் ஜன்னல் திறந்துகொண்டது. சாப்பாட்டு மேசையில் இருந்தால் இப்போது அந்தச் சுவர் நேரே தெரிகிறது. ஸுஹைர் இன்னும் குசினியில்தான் சாப்பிடுகிறார். நானும்தான்.

நிப்லா


கிண்ணியா
19.07.2025

நிப்லா,

கொண்டெய்னர் ஏறவில்லை. கொம்பனி ஆட்கள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே சுகாதாரப் பரிசோதகரும் வந்தார். இருந்த சரக்கு முழுவதையும் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடச் சொன்னார்கள். வாடிக்குப் பூட்டு. பஹ்மி வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்வார்களோ தெரியாது. பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் தொழுகிறவன்கூட சலாம் கொடுத்துவிட்டு அடுத்த பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

மொனிட்டரைப் பத்து நாளாகப் பிரிக்காமல் வைத்திருந்தேன். முந்தாநாள் உன் மதினிதான் பிரித்து ஹோலில் வைத்தாள். படத்தைப் போட்டாள். ஈயை எண்ணத் தொடங்கினாள். அறுபதோ எழுபதோ சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். நான் இருந்து பார்த்தேன். நான் மிதித்துத் திரிந்த இடம்தான், ஒவ்வொரு நாளும் கூட்டச் சொல்லி ஏசின இடம்தான். அவ்வளவு பெரிதாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் கால்கூட ஒரு படத்தில் விழுந்திருக்கிறது, செருப்பு விளிம்பில் ஒட்டியிருந்ததும் தெரிந்தது. சோறு போட்டு வைத்திருந்தாள், எனக்கு இறங்கவில்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். பெரிய தட்டியில் இருந்துதான். இராசநாயகத்துக்கு என்று யோசித்து அப்படிக் கொடுத்ததில்லை. போகிற நேரத்தில் கைக்கு எட்டினதை அள்ளிக் கொடுத்தேன். சின்னத் தட்டி கிணற்றடியில் இருந்தது, அவ்வளவு தூரம் அவருக்காக நான் நடக்கவில்லை. அதை எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதவில்லை.

நேற்று அவருடைய கணக்கை முடிக்கச் சல்லிக்குப் போனேன். யோகம்மா தேத்தண்ணி தந்தா. கொம்பனியில் இருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது, வாடியைத் திறந்தால் எடுப்பார்களாம். நான் இருந்த இருப்பில் கேட்டுவிட்டேன், "அண்ணே, நான் தந்த கருவாட்ட என்ன செஞ்சீங்க?" என்று. அவர் எழும்பி வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வேலியோரமாக மண் கொத்தி மூடின அடையாளம், வரிசையாக. முதல் நாளில் இருந்தே ஒவ்வொரு பின்னேரமும் மண்ணுக்குள் தாட்டிருக்கிறார்.

"வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"முதலாளி ஆசையாத் தாறீங்கள், எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது?" என்றார். பிறகு, "ஆழமாத்தான் தாட்டனான், கோழி கிளறினாலும் எட்டக்கூடாது எண்டு" என்றார்.

பாஹிம்